டேட்டாபேஸ் தெரிந்த வேலையை டேட்டாபேஸிடமே விடுங்கள்: அப்ளிகேஷன் எழுதுபவர்களுக்கான கைக்குறிப்பு

ஒரு அப்ளிகேஷனில் கோடு, அதாவது நாம் எழுதிய புரோகிராம், மாறிக்கொண்டே இருக்கும், ஃபிரேம்வொர்க் மாறும், எழுதியவர்களும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். உள்ளே சேர்ந்த டேட்டா மட்டும் அப்படியே அடுத்தவர் கைக்குப் போகும். தப்பான ஒரு ஃபங்ஷனைத் திருத்துவது அரை நாள் வேலை என்றால், அந்த ஃபங்ஷன் ஆறு மாதமாக எழுதித் தள்ளிய தப்பான வரிசைகளை (டேபிளில் ஒரு பதிவு என்பது ஒரு வரிசை) திருத்துவது பல சமயம் நடக்காத காரியம், ஏனென்றால் எது சரி எது தப்பு என்று பிரித்துச் சொல்ல ஆதாரமே மிஞ்சியிருக்காது. அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: டேட்டாபேஸை எழுதிப்போட்டு எடுக்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். டேட்டா கெடாமல் காப்பது, இரண்டு பேர் ஒரே சமயத்தில் மோதினால் தீர்த்து வைப்பது, கோடிக்கணக்கான வரிசைகளில் வேண்டியதைப் பொறுக்கி எடுப்பது, இதெல்லாம் அதற்கு நம் கோடைவிட நன்றாகத் தெரியும்.

உதாரணத்துக்கு ஒரு இருக்கை முன்பதிவு அப்ளிகேஷனை எடுத்துக்கொள்வோம். நிகழ்ச்சிகள், இருக்கைகள், பயனர்கள், முன்பதிவுகள் என்று நான்கு டேபிள். போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் என்ற மூன்று டேட்டாபேஸிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்வோம், வித்தியாசம் வரும் இடத்தில் சொல்கிறேன்.

டேபிள் போடும்போதே முடித்துவிட வேண்டியவை

முதலில் டைப். பணத்தை ஃப்ளோட்டில், அதாவது தோராயமாகச் சேமிக்கும் தசம எண் டைப்பில், வைக்காதீர்கள். பைனரி ஃப்ளோட்டில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். ஒரு பில்லில் இது கண்ணுக்குத் தெரியாது, மாதக் கடைசியில் கூட்டுத்தொகை ஒத்துப்போகாதபோதுதான் தெரியும். நியூமெரிக் அல்லது டெசிமல் டைப்பில் வையுங்கள், இல்லையென்றால் பணத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள். எதுவானாலும் எந்த நாட்டுப் பணம் என்பதற்கு ஒரு ஃபீல்டு தனியாக இருக்கட்டும்.

நேரம் என்றால், நடந்து முடிந்த விஷயங்களை யூடிசியில் (உலகப் பொது நேரம்) வையுங்கள். போஸ்ட்கிரஸில் டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன் என்று பெயர் இருந்தாலும் அது டைம் ஸோனைச் சேமிப்பதில்லை. கொடுத்த நேரத்தை யூடிசிக்கு மாற்றி வைத்துக்கொண்டு, கேட்கும்போது உங்கள் செஷனின் ஸோனில் காட்டும், அவ்வளவுதான். ஆனால் இனிமேல் நடக்கப்போகும் நிகழ்ச்சி கதை வேறு. அடுத்த வருஷம் மாலை 6 மணிக்கு என்று அறிவித்த நிகழ்ச்சிக்கு உள்ளூர் நேரத்தையும் ஸோன் பெயரையும் சேர்த்து வைக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் அரசாங்கம் கோடைக்கால நேர விதியை மாற்றினால் நீங்கள் முன்கூட்டியே கணக்கிட்ட யூடிசி தப்பாகிவிடும். மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப் டைப் 2038 ஜனவரி 19-ஐத் தாண்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். நீண்ட கால ஒப்பந்தங்களின் தேதிகளை வைக்கும் அப்ளிகேஷனில் இது இப்போதே வந்து நிற்கும் பிரச்சினை.

பிரைமரி கீயை (ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் ஐடி) 64 பிட் முழு எண்ணாகவே ஆரம்பியுங்கள். 32 பிட்டில் 2,147,483,647-க்கு மேல் இடமில்லை. அந்த எண்ணை எட்டிய நாளில் புதிய வரிசை சேர்க்கும் இன்செர்ட் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோகும், அந்த அவசரத்தில் பெரிய டேபிளின் டைப்பை மாற்ற நேர்வது கொடுமை.

தமிழ் டேட்டா வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்று பழைய பெயரில் இருப்பது ஒரு எழுத்துக்கு 3 பைட் மட்டுமே தருவது. தமிழ் அதில் அடங்கிவிடும், ஆனால் பயனர் ஒரு எமோஜி போட்டால் அடங்காது. யூடிஎஃப்8எம்பி4 என்று வைத்துவிடுங்கள். இரண்டாவது, 'கொ' என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் வைக்கலாம், முன்னால் ஒரு ஒற்றைக்கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. 'கொடி' என்று தேடினால் பாதி வரிசைகள் வராமல் போவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். உள்ளே வரும் எழுத்தையெல்லாம் வாசலிலேயே என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள், தேடும் சொல்லையும் அப்படியே மாற்றிவிட்டுத் தேடுங்கள். ஃபீல்டு நீளத்தையும் தாராளமாக வையுங்கள்: 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் 5 குறி, யூடிஎஃப்8-இல் 15 பைட்.

அடுத்தது கட்டுப்பாடுகள். நாட் நல் (காலியாக விடக்கூடாது), யுனிக் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது), செக் (மதிப்பு ஒரு நிபந்தனைக்குள் இருக்க வேண்டும்), ஃபாரின் கீ (இன்னொரு டேபிளில் இருக்கும் வரிசையையே சுட்ட வேண்டும்). இவற்றை "கோடிலேயே பார்த்துக்கொள்கிறோம்" என்று விட்டுவிடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது, அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இன்று உங்கள் கோடு ஒன்றுதான் அந்த டேபிளில் எழுதுகிறது. நாளைக்கு ஒரு இறக்குமதி ஸ்கிரிப்ட் வரும், அட்மின் பக்கம் வரும், யாராவது நேரடியாகக் கன்சோலில் ஒரு அப்டேட் போடுவார்கள். இத்தனை பேருக்கும் பொதுவான வாசல் டேட்டாபேஸ் ஒன்றுதான். விலை பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்றால் அங்கே ஒரு செக் போடுங்கள். முடிவு நேரம் தொடக்க நேரத்துக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்றால் அதுவும் ஒரு செக்.

போட்டுவிட்டால் மட்டும் போதாது, வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ பொதுவாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு கனெக்ஷன் திறக்கும்போதும் ப்ராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன் என்று சொன்னால்தான் விழித்துக்கொள்ளும். அதே எஸ்கியூலைட் எண் ஃபீல்டில் 'அபக' என்று கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும், 3.37 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிக்ட் என்று டேபிளுக்குச் சொன்னால் மறுக்கும். மைஎஸ்கியூஎல் 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் செக் கட்டுப்பாட்டைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். ஒரு தப்பான வரிசையை வேண்டுமென்றே இன்செர்ட் செய்து, எரர் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்று எழுதிவையுங்கள்.

'நல்' எனும் வெற்று மதிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'நல்' எதற்கும் சமம் இல்லை, இன்னொரு 'நல்'லுக்கும் சமம் இல்லை. "தடை செய்யப்பட்ட ஐடிகளில் இல்லாத பயனர்கள்" என்று நாட் இன் போட்டு ஒரு சப்குவெரி (குவெரிக்குள் இன்னொரு குவெரி) எழுதினால், அந்த சப்குவெரியில் ஒரே ஒரு 'நல்' இருந்தாலும் விடை காலியாக வரும். எரர் வராது, காலியாக வரும், அதுதான் ஆபத்து. நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டு எழுதுங்கள்.

கடைசி இருக்கை யாருக்கு

இந்த வேலையில் மிக அதிகம் பார்க்கும் பிழை இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். நிகழ்ச்சி 7-இல் மீதம் 1 இடம். கோடு இப்படி இருக்கிறது: மீதத்தை செலக்ட் செய்து படி, பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்று குறைத்து அப்டேட் செய், முன்பதிவை இன்செர்ட் செய். ஒருவர் மட்டும் டெஸ்ட் செய்யும்போது கச்சிதமாக வேலை செய்யும். இப்போது இரண்டு பேர் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் பொத்தானை அழுத்துகிறார்கள். முதல் ரிக்வெஸ்ட் படிக்கிறது, 1. இரண்டாவதும் படிக்கிறது, அதற்கும் 1. இரண்டும் பூஜ்யம் என்று எழுதுகின்றன, இரண்டு முன்பதிவும் உள்ளே போய்விடுகிறது. ஒரு இருக்கைக்கு இரண்டு பேர்.

டிரான்சாக்ஷன் என்பது பல கட்டளைகளை, எல்லாம் நிற்கும் அல்லது எதுவும் நிற்காது என்று ஒரே கட்டாக ஓட்டுவது. "டிரான்சாக்ஷனுக்குள் போட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. ஒரே சமயத்தில் ஓடும் டிரான்சாக்ஷன்கள் ஒன்றின் மாற்றத்தை இன்னொன்று எவ்வளவு பார்க்கலாம் என்பதற்கு நிலைகள் உண்டு. போஸ்ட்கிரஸ் தானாகத் தருவது ரீட் கமிட்டட் நிலை, மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி தருவது ரிபீட்டபிள் ரீட். இரண்டிலுமே சாதாரண செலக்ட் யாரையும் நிறுத்தி வைக்காது, மேலே சொன்ன கதை அப்படியே நடக்கும்.

தீர்வு, படிப்பதையும் எழுதுவதையும் ஒரே வாக்கியமாக்குவது. டேட்டாபேஸுக்குக் கட்டளை தரும் மொழியான எஸ்கியூஎல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுகிறேன், 'வேர்' (where) என்பது நிபந்தனைப் பகுதி:

அப்டேட் நிகழ்ச்சிகள் செட் மீதம் = மீதம் - 1 வேர் ஐடி = 7 அண்ட் மீதம் > 0

இதை ஓட்டிவிட்டு எத்தனை வரிசை மாறியது என்று டிரைவரிடம் கேளுங்கள். 1 என்றால் இடம் உங்களுக்கு. 0 என்றால் தீர்ந்துவிட்டது. இரண்டாவது ரிக்வெஸ்ட் முதலாவதின் லாக் (பூட்டு) விலகக் காத்திருக்கும், முதலாவது கமிட் ஆகி மாற்றம் உறுதியானதும் புதிய மதிப்பை வைத்து நிபந்தனையை மறுபடி பார்க்கும், மீதம் பூஜ்யம் என்று தெரிந்து எதையும் தொடாமல் திரும்பும். முன்பதிவின் இன்செர்ட்டும் இந்த அப்டேட்டும் ஒரே டிரான்சாக்ஷனில் இருக்கட்டும். மாறிய வரிசை எண்ணிக்கையைப் பார்க்காமல் விட்டுவிட்டால் இத்தனையும் வீண்.

எண் போட்ட இருக்கை என்றால் இன்னும் சுலபம். முன்பதிவுகள் டேபிளில் நிகழ்ச்சி ஐடி, இருக்கை ஐடி இரண்டையும் சேர்த்து ஒரு யுனிக் போட்டுவிடுங்கள். "ஏற்கெனவே இருக்கிறதா" என்று முதலில் தேடிவிட்டு அப்புறம் இன்செர்ட் செய்யும் வழக்கத்தை விடுங்கள், நேராக இன்செர்ட் செய்து எரரைப் பிடியுங்கள். போஸ்ட்கிரஸ் 23505 என்று சொல்லும், மைஎஸ்கியூஎல் 1062 என்று சொல்லும். அந்த எண்ணைப் பார்த்து "இந்த இருக்கை இப்போதுதான் போய்விட்டது, வேறு தேர்ந்தெடுங்கள்" என்று பயனருக்குச் சொல்லலாம். ரத்து செய்த முன்பதிவுகளும் அதே டேபிளில் கிடக்கும் என்றால், ரத்தாகாதவற்றுக்கு மட்டும் பொருந்தும் பார்ஷியல் யுனிக் இண்டெக்ஸ் (இண்டெக்ஸ் என்பது தேடுவதற்காக அடுக்கி வைத்த பட்டியல்) வேண்டும். போஸ்ட்கிரஸிலும் எஸ்கியூலைட்டிலும் அது உண்டு, மைஎஸ்கியூஎல்லில் கிடையாது. அங்கே ரத்தானவற்றை வேறு டேபிளுக்கு நகர்த்துவதுதான் எனக்குப் பிடித்த வழி.

பயனர் பணம் கட்டும் வரை பத்து நிமிஷம் இருக்கையைப் பிடித்து வைக்க வேண்டும் என்றால்? டிரான்சாக்ஷனைத் திறந்தபடியே பத்து நிமிஷம் காத்திருக்காதீர்கள், அது லாக்கையும் கனெக்ஷனையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இருக்கைகள் டேபிளில் பிடித்தவர், காலாவதி என்று இரண்டு ஃபீல்டு போதும். பிடிக்கும் அப்டேட்டின் வேர் பகுதியில் "விற்கவில்லை, காலாவதி 'நல்' அல்லது காலாவதி இப்போதைய நேரத்துக்கு முன்" என்று நிபந்தனை போட்டுவிட்டால், பாதியில் விட்டுவிட்டுப் போனவரின் இருக்கை தானாகவே அடுத்தவருக்குத் திறந்துவிடும், துடைத்துப் போட தனியாக ஒரு புரோகிராம் தேவையில்லை. இப்போதைய நேரத்தை டேட்டாபேஸின் கடிகாரத்திலிருந்தே எடுங்கள், ஒவ்வொரு சர்வரின் கடிகாரமும் ஒவ்வொன்று சொல்லும்.

பணம் கட்டி முடித்த பதில் வரும்போதும் இதே நிபந்தனைதான்: பிடித்தவர் இன்னும் இவர்தானா, விற்கப்படாமல் இருக்கிறதா என்று வேர் பகுதியில் கேட்டே விற்றதாகக் குறியுங்கள். 0 வரிசை மாறினால் பணத்தைத் திருப்பும் வழிக்குப் போக வேண்டும். அந்த வழியை முதல் நாளே எழுதி வையுங்கள், இது நிச்சயம் ஒருநாள் நடக்கும்.

மதிப்பை வாக்கியத்துக்குள் ஒட்டாதீர்கள்

எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் 1998-லேயே வெளிப்படையாக எழுதப்பட்ட ஓட்டை. இன்றும் நடக்கிறது. பயனர் கொடுத்ததை ஸ்டிரிங்காக ஒட்டிக் குவெரி செய்தால் அவர் கொடுப்பது டேட்டாவாக இல்லாமல் கட்டளையாகிவிடும். பாராமீட்டர் வைத்துக் கொடுத்தால் இந்த ஆபத்து இல்லை, வாக்கியமும் மதிப்பும் கலக்காமல் தனித்தனியாகக் கையாளப்படும். எல்லா மொழியின் டிரைவரிலும் இது உண்டு.

தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. டேபிள் பெயர், ஃபீல்டு பெயர், ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பதையெல்லாம் பாராமீட்டராகக் கொடுக்க முடியாது. "எதை வைத்து அடுக்க வேண்டும்" என்று யூஆர்எல்லில் வரும் சொல்லை அப்படியே ஆர்டர் பையில் ஒட்டுகிறவர்கள் ஏராளம். அனுமதித்த பெயர்களைக் கோடில் ஒரு பட்டியலாக வைத்து, வந்த சொல் அதில் இருந்தால் மட்டும் உங்கள் பட்டியலில் இருக்கும் பெயரை எடுத்துப் போடுங்கள். ஓஆர்எம் (எஸ்கியூஎல்லை நமக்காக எழுதித் தரும் லைப்ரரி) பயன்படுத்தினாலும், அதில் ரா குவெரி (நேரடி எஸ்கியூஎல்) எழுதும் இடம் இருக்கிறதே, அங்கே இந்தக் கவனம் தேவைதான்.

மெதுவாக ஓடுகிறது என்றால்

முதலில் எத்தனை குவெரி போகிறது என்று எண்ணுங்கள். நிகழ்ச்சிப் பட்டியலில் 50 நிகழ்ச்சி, ஒவ்வொன்றுக்கும் அரங்கத்தின் பெயரை எடுக்க ஓஆர்எம் தனியாக ஒரு குவெரி விடுகிறது, ஆக 51 குவெரி. ஒவ்வொன்றும் 2 மில்லிசெகண்ட் என்றாலும் நெட்வொர்க்கில் போய்வருவதே நூறு மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். ஜாயின் போட்டு இரண்டு டேபிளையும் சேர்த்தே கேளுங்கள், அல்லது ஐடிகளைச் சேர்த்து ஒரே இன் பட்டியலாகக் கேளுங்கள். டெவலப்மென்ட் சூழலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை குவெரி போனது என்பதை பதிவு ஃபைலில் (log) அச்சிட வைத்துவிட்டால் இந்தப் பிழை பிறந்த அன்றே மாட்டிவிடும்.

அப்புறம்தான் இண்டெக்ஸ். சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் அகராதி போல அடுக்கப்பட்டது. 'கட' என்று தொடங்கும் சொற்களைப் புரட்டி எடுத்துவிடலாம், 'டல்' என்று முடியும் சொற்களுக்கு முழு அகராதியையும் படிக்க வேண்டும். அதனால்தான் லைக்கில் முன்னால் சதவீதக் குறி வைத்தால் இண்டெக்ஸ் கைகொடுப்பதில்லை. இரண்டு ஃபீல்டு சேர்ந்த இண்டெக்ஸிலும் முதல் ஃபீல்டு தெரியாமல் இரண்டாவதை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் பயன் இருக்காது. "இந்த நிகழ்ச்சியின் கடைசி 20 முன்பதிவுகள்" என்பது அடிக்கடி வரும் கேள்வி என்றால், நிகழ்ச்சி ஐடி முதலிலும் உருவான நேரம் அடுத்தும் வரும் ஒரே இண்டெக்ஸ் தேடலையும் அடுக்கலையும் சேர்த்து முடித்துவிடும்.

ஃபீல்டின் மேல் ஃபங்ஷன் போட்டால் இண்டெக்ஸ் தப்பிப்போகும். உருவான நேரத்திலிருந்து தேதியைப் பிரித்து ஒப்பிடாதீர்கள், "இந்த நாள் தொடக்கத்துக்குச் சமம் அல்லது பின், அடுத்த நாள் தொடக்கத்துக்கு முன்" என்று வரம்பாக எழுதுங்கள். ஈமெயிலைச் சின்ன எழுத்தாக்கித் தேடத்தான் வேண்டும் என்றால் அந்த எக்ஸ்பிரஷன் மேலேயே இண்டெக்ஸ் போடலாம். ஃபாரின் கீ போட்டால் அந்த ஃபீல்டுக்கு மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி தானாக இண்டெக்ஸ் போட்டுவிடும். போஸ்ட்கிரஸ் போடாது. அங்கே ஒரு நிகழ்ச்சியை டெலீட் செய்யும்போது முன்பதிவுகள் டேபிளை முழுவதும் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள்.

ஊகித்து இண்டெக்ஸ் போடாதீர்கள், குவெரி எந்த வழியில் ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் ஓட்டிப் பாருங்கள். எதிர்பார்த்த வரிசை எண்ணிக்கையும் உண்மையில் வந்த எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 10 என்று நினைத்து 4 லட்சம் வந்திருந்தால் பிளானர் (குவெரியின் வழியைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) பழைய புள்ளிவிவரத்தை நம்பித் தப்பான வழியில் போயிருக்கிறது, டேபிளுக்கு அனலைஸ் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். முழு டேபிளையும் படிப்பது எப்போதும் தப்பு என்று நினைக்க வேண்டாம், சின்ன டேபிளுக்கு அதுதான் வேகமான வழி. ஒன்று மட்டும் கவனம்: எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் குவெரியை உண்மையாகவே ஓட்டும். டெலீட்டுக்கு அதைப் போட்டால் போஸ்ட்கிரஸில் வரிசைகள் உண்மையாகவே போய்விடும். பிகின் போட்டு, ஓட்டி, ரோல்பேக் செய்து மாற்றத்தைத் திரும்பப் பெறுங்கள். டெஸ்ட் செய்யும் டேபிளில் நிஜத்தில் இருக்கும் அளவு டேட்டாவும் வேண்டும், நூறு வரிசையில் எல்லாமே வேகம்தான்.

பக்கம் பக்கமாகக் காட்டுவதற்கு ஆஃப்செட் போடுவது ஆரம்பத்தில் நன்றாக இருக்கும். ஆஃப்செட் 1,00,000 என்றால் டேட்டாபேஸ் அந்த லட்சம் வரிசையையும் தாண்டித்தான் அடுத்த 20-ஐத் தருகிறது, நடுவில் புதிய வரிசை சேர்ந்தால் ஒரே பதிவு இரண்டு பக்கத்திலும் வரும். கடைசியாகக் காட்டிய வரிசையின் நேரத்தையும் ஐடியையும் கையில் வைத்துக்கொண்டு "இவற்றுக்கு முந்தைய 20" என்று கேளுங்கள். ஐடியையும் சேர்ப்பது எதற்கென்றால், ஒரே நேரத்தில் பதிவான இரண்டு வரிசையில் ஒன்று காணாமல் போகாமல் இருக்க. "437-ஆவது பக்கத்துக்குப் போ" என்ற வசதி இதில் கிடையாது. அது உண்மையிலேயே யாருக்காவது தேவையா என்று கேட்டுப் பாருங்கள்.

கனெக்ஷன் பூலையும் (திறந்து வைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் கனெக்ஷன்களின் தொகுப்பு) ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஒரு பிராசஸ் வைக்கிறது, தானாக வரும் உச்ச வரம்பு 100. நான்கு அப்ளிகேஷன் சர்வர், ஒவ்வொன்றிலும் பூல் 30 என்றால் 120, கூட்டம் சேரும் நேரம் பார்த்து எரர் வரும். வரம்பை ஏற்றுவதைவிடப் பூலைச் சின்னதாக்குவது அல்லது நடுவில் பிஜிபவுன்சர் என்ற, கனெக்ஷனைப் பகிர்ந்து தரும் புரோகிராமை வைப்பது நல்லது. சில டஜன் கனெக்ஷனே பெரும்பாலான அப்ளிகேஷனுக்குப் போதும்.

டிரான்சாக்ஷனுக்கு வெளியே இருப்பவை

ரோல்பேக் செய்தால் டேட்டாபேஸில் எழுதியது போகும், அனுப்பிய ஈமெயில் திரும்பி வராது. டிரான்சாக்ஷன் நடுவில் ஈமெயில் அனுப்பினால், கமிட் தோற்றாலும் "உங்கள் இருக்கை உறுதி" என்ற கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். கமிட் ஆனபின் அனுப்பினால், நடுவில் சர்வர் விழுந்தால் கடிதமே போகாது. இதற்கு அவுட்பாக்ஸ் என்ற முறை இருக்கிறது: முன்பதிவை இன்செர்ட் செய்யும் அதே டிரான்சாக்ஷனில், அனுப்ப வேண்டியவை என்ற டேபிளிலும் ஒரு வரிசை எழுதிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து நிற்கும், அல்லது சேர்ந்து போகும். தனியாக ஓடும் ஒரு வொர்க்கர் அந்த டேபிளைப் படித்து அனுப்பிவிட்டுக் குறித்துக்கொள்ளும். பல வொர்க்கர்கள் என்றால் செலக்ட் ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்ட் போடுங்கள், ஒருவர் எடுத்ததை இன்னொருவர் தாண்டிப் போவார். போஸ்ட்கிரஸில் 9.5 முதலும் மைஎஸ்கியூஎல்லில் 8.0 முதலும் இது உண்டு.

இந்த முறையில் ஒரே கடிதம் இரண்டு முறை போகும் வாய்ப்பு இருக்கிறது, அனுப்பிவிட்டுக் குறிப்பதற்குள் வொர்க்கர் விழுந்தால். ஆகவே பெறும் பக்கம் இரண்டாவது முறையைத் தாங்க வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் பயனர் பக்கத்திலிருந்தே ஒரு தனி அடையாள எண்ணை அனுப்பச் சொல்லி, அதற்கு யுனிக் போட்டுவிடுங்கள். நெட்வொர்க் திணறி அவர் பொத்தானை மூன்று முறை அழுத்தினாலும் ஒரு பதிவுதான் விழும்.

டெட்லாக் வந்தால் பதற வேண்டாம். இரண்டு டிரான்சாக்ஷன் ஒன்றுக்கொன்று காத்திருப்பதைக் கண்டுபிடித்து டேட்டாபேஸ் ஒன்றைக் கைவிடும். எரர் எண் மைஎஸ்கியூஎல்லில் 1213, போஸ்ட்கிரஸில் 40பி01. பல இருக்கைகளை ஒரே சமயம் பிடிப்பது என்றால் எப்போதும் ஐடி வரிசையிலேயே பிடியுங்கள், பெரும்பாலான டெட்லாக் அத்தோடு போய்விடும். மிஞ்சியதற்கு, முழு டிரான்சாக்ஷனையும் முதலிலிருந்து இரண்டு மூன்று முறை முயலும் ஒரு சின்ன ஃபங்ஷன் போதும். முதலிலிருந்து என்பது முக்கியம், பழைய செலக்ட்டில் படித்த மதிப்பை வைத்துக்கொண்டு தொடரக்கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது டேபிளை மாற்றுவது

எல்லா மாற்றமும் எண் போட்ட மைக்ரேஷன் ஃபைலாக (டேபிளை மாற்றும் கட்டளைகள் எழுதிய ஃபைல்), கோடோடு சேர்ந்து கிட் (Git) என்ற பதிப்பு காக்கும் கருவியில் இருக்க வேண்டும். கன்சோலில் கையால் செய்த ஆல்டர் யாருக்கும் நினைவிருக்காது.

ஃபீல்டின் பெயரை மாற்றுவது ஒரு வரி வேலை போலத் தெரியும். ஆனால் பழைய கோடும் புதிய கோடும் சில நிமிஷமாவது சேர்ந்து ஓடும், பழையது பழைய பெயரைத் தேடி விழும். எனவே படிப்படியாக: புதிய ஃபீல்டைச் சேருங்கள், கோடு இரண்டிலும் எழுதட்டும், பழைய வரிசைகளைச் சில ஆயிரம் சில ஆயிரமாக நிரப்புங்கள், படிப்பதைப் புதியதற்கு மாற்றுங்கள், பழையதில் எழுதுவதை நிறுத்துங்கள், சில நாள் கழித்துப் பழையதை நீக்குங்கள். நீளமான வழிதான். ஆனால் எந்தப் படியிலும் பின்வாங்கலாம்.

போஸ்ட்கிரஸில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆல்டர் டேபிள் ஒரு முழு லாக் கேட்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நீண்ட ரிப்போர்ட் குவெரி முடிய அது காத்திருக்கும், அதற்குப் பின்னால் வரும் சாதாரண செலக்ட் எல்லாம் ஆல்டருக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்கும். ஒரு மில்லிசெகண்ட் வேலைக்காக அப்ளிகேஷன் முழுவதும் உறைந்துவிடும். லாக்_டைம்அவுட்டை 2 செகண்ட் என்று வைத்துவிட்டு ஆல்டர் ஓட்டுங்கள், கிடைக்கவில்லையென்றால் விட்டுவிட்டுச் சற்று நேரம் கழித்து மறுபடி முயலட்டும். பெரிய டேபிளில் இண்டெக்ஸ் போடும்போது கன்கரன்ட்லி சேருங்கள். அதை டிரான்சாக்ஷனுக்குள் ஓட்ட முடியாது, பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும், அதை நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் ஆல்டர் போன்றவை தாமாகவே கமிட் செய்துவிடும், ஆகவே ஒரு மைக்ரேஷனில் ஒரே ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்வது பிழைக்கும் வழி.

பேக்கப்

அப்ளிகேஷன் பயன்படுத்தும் யூசருக்கு டிராப், ஆல்டர் உரிமை கொடுக்காதீர்கள், மைக்ரேஷனுக்கு வேறு யூசர் வையுங்கள். ரெப்ளிகா (உடனுக்குடன் மாறும் நகல் டேட்டாபேஸ்) இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடவும் வேண்டாம், வேர் நிபந்தனை இல்லாமல் ஓட்டிய டெலீட் ரெப்ளிகாவுக்கும் உடனே போய்விடும்.

2017 ஜனவரி 31 அன்று, கோடு சேமிக்கும் சேவையான கிட்லேபில் நடந்ததை அவர்களே விரிவாக வெளியிட்டிருக்கிறார்கள். தப்பான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரி அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடினால், பேக்கப் எடுக்கும் கருவியான பிஜி_டம்ப்பின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. தோற்றதைச் சொல்ல வேண்டிய ஈமெயில்களும் தடுக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டார்கள், நடுவில் இருந்த டேட்டா போனது போனதுதான். இதை மறைக்காமல் எழுதியதற்காக அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அதனால் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட்டோடு, மீட்டுப் பார்க்கும் ஸ்கிரிப்ட்டையும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை தானாக ஓடட்டும்: நேற்றைய பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்று, முன்பதிவுகளின் எண்ணிக்கையையும் கடைசி முன்பதிவின் நேரத்தையும் எடுத்து, எதிர்பார்ப்போடு ஒப்பிடு. வெற்றி என்ற செய்தியும் வர வேண்டும், தோல்வி என்ற செய்தி மட்டும் வரும்படி வைத்தால் ஸ்கிரிப்ட்டே ஓடாத வாரத்தில் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மீட்க எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் அந்தச் செய்தியில் போடுங்கள். அது நான்கு மணி நேரம் என்றால், பேரிடர் நாளில் அப்ளிகேஷன் நான்கு மணி நேரம் படுத்துக்கிடக்கும் என்று பொருள். ஒரு நாள் டேட்டாவை இழப்பதே தாங்காது என்றால் தினசரி டம்ப் போதாது, போஸ்ட்கிரஸில் வால் (WAL) ஆர்க்கைவ், மைஎஸ்கியூஎல்லில் பின்லாக் ஆகிய மாற்றப் பதிவுகளையும் வேறு இடத்தில் சேர்த்து வைத்தால் அந்த டெலீட் ஓடுவதற்கு முந்தைய நொடி வரை திரும்பிப் போகலாம்.